குஷன் கவரில் மூடிக் கிடந்த ஜிப்

என் மனைவி இறப்பதற்கு முன் கடைசியாகத் தைத்தது ஒரு குஷன் கவர். ஜிப்பை வைத்து, அதன் மேலேயே துணியை மூடித் தைத்திருந்தாள். தப்பாகத் தைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இன்று திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து டெய்லர் அக்காவிடம் கொண்டுபோனேன்.

"அக்கா, என் ஒய்ஃப் தச்சதுல கை வைக்காம, வேற பக்கம் ஒரு ஜிப் வச்சுத் தர முடியுமா?"

அக்கா சிரித்தார். "வேற ஜிப் இன்னாத்துக்கு நைனா? ஜிப்பு கோணாம இருக்கத்தான் மேல மூடி கச்சாத் தையல் போட்டுகீறாங்க. அப்பால பிரிச்சுடணும். உன் ஊட்டுக்காரம்மா கரீட்டாதான் பண்ணிகீறாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் பிளேடால் முனையை வெட்டி, நூலை ஒரே இழுப்பாக உருவிவிட்டார்.

ஜிப் அழகாகத் திறந்தது. "அவங்களாண்ட சொல்லு, சூப்பரா வந்துகீதுன்னு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். கீழே கிடந்த நூலைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊசி போன ஓட்டைகள் துணியில் அப்படியே இருக்கின்றன. அதே நூலை அவற்றில் திரும்பக் கோக்க முடியுமா?

அப்புறம் குஷனை எப்படி உள்ளே போடுவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.