கேட்டில் குடித்த கஞ்சி

ரப்பர் பால்மரத்தில் கத்தி வைத்துக் குனிந்தபோதுதான் நெஞ்சுக்குழிக்குக் கீழே முதல் எரிச்சல். மிளகாய்ச் சம்பல்தான் காரணம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்று, வெளியே பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் சோதனை. நாங்கள் என்ன செய்தோம்? விடியுமுன் ஒரு சட்டிப் பழைய சோற்றைத் திணித்துக்கொண்டு, பால் சேர்க்காத வறக்கோப்பியையும் ஊற்றிக்கொண்டு போவோம். பிறகு மதியம்வரை பட்டினி. "வயித்தைத் தொறந்து பாக்கவா போறான் லா?" என்று சிரிப்போம். அது எனக்கு வினையாக முடிந்தது.

ஒரு நாள் எனக்கு ஒதுக்கிய மரநிரையிலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்தேன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் ஒருவர் குடற்புண் என்றார் (இரைப்பையின் உட்தோல் அரித்துப் புண்ணாவது).

"கொழைஞ்ச கஞ்சி, பால். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். வயிறு காயவே கூடாதும்மா. இன்னொரு தடவை ரத்தம் வந்தா காப்பாத்துறது கஷ்டம்."

"சோத்தை வெளிய கொண்டுபோனா ஜெயில்ல தூக்கிப் போடுவாங்களே டாக்டர்!" என்றேன்.

பிள்ளைகள் சின்னதுகள். வேலையை விட்டால் சோறில்லை, விடாவிட்டால் உயிரில்லை. பயந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் மாரிமுத்துவுக்கு வேலிக்குள் இருந்த, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை. கஞ்சியை அவர் கேட்டுவரை கொண்டுவந்துவிடுவார் என்ற தைரியத்தில் கங்காணியிடம் போய் நின்றேன்.

"ஐயா, கேட்டை ஒட்டின நெரையை எனக்குக் குடுங்க. பத்து மணிக்கு உள்ள வந்து கஞ்சி குடிச்சிட்டு ஓடிடுறேன்."

"பால் கொறைஞ்சா தொரை என்னைத்தான் ஏசுவாரு, தாயி."

"செத்துப்போனவ எவ்வளவு பால் எடுப்பா?"

கொடுத்துவிட்டார்.

மாரிமுத்து ஆறின கஞ்சியோடு கேட்டுக்கு உட்புறம் நிற்பார். மலாய்க் காவலர் முறைத்துக்கொண்டே இருப்பார். கடைசி வாய் விழுங்கியதும் நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிக் கடத்திவிடுவேனாம்! மானம் போனது. மனசுக்குள் திட்டிக்கொண்டே திறந்தேன்.

"ஹாபிஸ்?" (முடிந்ததா?)

"ஹாபிஸ், ஹாபிஸ்."

போகப்போக, கஞ்சி வரத் தாமதமானால் அவரே புகைக்கூடத்துப் பக்கம் திரும்பி "மாரி!" என்று கத்த ஆரம்பித்தார்.

மிளகாயையும் வறக்கோப்பியையும் விட்டேன். நாக்கு கேட்காமல் ஒருமுறை கருவாடு தின்றுவிட்டுத் துடித்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் (உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள்) உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புண் ஆறிவிட்டது. வேலியும் போய்விட்டது, மாரிமுத்துவும் போய்விட்டார். கடிகாரம் பார்க்காமலே வயிறு எனக்குப் பத்து மணியைச் சொல்லிவிடுகிறது. உட்கார்ந்து மெதுவாகக் கஞ்சி குடிக்கிறேன். கடைசி வாய் இறங்கியதும் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது, எதிரில் யாரும் இல்லாதபோதும்.