தொப்பிக்கடை அக்காவுக்கு வந்த சந்தேகம்

தெருவில் எல்லோருக்கும் அவள் தொப்பிக்கடை அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தவள். பிறகு விற்பனைக்கு நின்று, அங்கேயே தலை நரைத்துப்போனாள்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அலமாரி. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கெட்டில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அது டீக்கு அல்ல, ஆவிக்கு. முயல் முடியை அழுத்தி அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணி, ஆவி பட்டால் மாவு போல இளகிவிடும். அப்போது ஃபெடோரா என்கிற, சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிவிட்டால் விழுந்த குழி அப்படியே நிற்கும். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே அக்கா அதைச் செய்வாள்.

"கையில எடுத்துப் பாருங்க சார். இப்பல்லாம் மெஷின்ல செய்யறாங்க, ஒரே சீரா இருக்கும். பழைய தொப்பிக்கு இது ஒரு படி மேலன்னுதான் நான் சொல்வேன்."

இதை அவள் பொய்யாகச் சொன்னதில்லை. உண்மைதானா என்று யோசித்தும் சொன்னதில்லை. வாய்க்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் கதை வேறு. அவள் புருஷன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டதால் தொப்பி இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார். அதுவும் பழைய தொப்பிதான் வேண்டும். பழைய சாமான் கடைகளில் புகுந்து புறப்பட்டு, அந்தக் காலத்து ஃபெடோராக்களாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். கட்டிலுக்கு மேலே பலகை அடித்து வரிசையாக வைத்திருந்தார். சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன, இன்னைக்கு எத்தனை பேர் தலையில அட்டையைக் கட்டிவிட்ட?"

"தொப்பியைத் தலையில கட்டாம வேற எங்க கட்டுவாங்க?"

"அந்தக் காலத்துத் தொப்பியைக் கையில வெச்சா பூனைக்குட்டி மாதிரி இருக்கும். உங்க கடைச் சரக்கு செருப்பு டப்பா."

"உங்க பூனைக்குட்டி பூச்சி அரிச்ச பூனைக்குட்டி."

இந்தச் சண்டையிலேயே மகன் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டான். ஃபோனில் அம்மா குரல் கேட்டதும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "தொப்பிச் சண்டை முடிஞ்சுதா?" என்பதுதான்.

கடையின் பழைய முதலாளி போன பிறகு அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பார்த்த பழக்கத்தில் அக்கா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். முதலாளி ஆகிவிட்டாளே என்று கூடவே ஒரு 'ங்க'வும் சேர்த்துக்கொள்வாள். அந்தப் பாப்பா ஒருநாள் வேனில் பெட்டி பெட்டியாக எதையோ கொண்டுவந்து இறக்கினாள். திறந்தால் எல்லாம் பழைய ஃபெடோரா.

"அக்கா, இப்ப எல்லாரும் பழசுதான் கேக்கறாங்க. இடது பக்கம் முழுக்கப் பழசு, வலது பக்கம் புதுசு. ரெண்டையும் நீங்கதான் விக்கப்போறீங்க."

"பழசைப் பத்தி நான் என்னங்க பாப்பா சொல்றது?"

"பழசு மாதிரி வராதுன்னு சொல்லுங்க."

"புதுசைப் பத்தி?"

"எப்பவும் சொல்றதைச் சொல்லுங்க."

அக்கா தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டோம் என்று புரிந்தது.

சிக்கல் முதல் வாரமே வந்தது. எதிர்த் தெருவில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். அப்பாவின் பிறந்தநாளுக்குத் தொப்பி வாங்க அவர் கடைக்கு வந்தார். இடது பக்கம் போனவரிடம், "பழசு மாதிரி வராது சார்" என்றாள். அவர் அப்படியே திரும்பி வலது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார். வாய் தானாகத் திறந்தது. "பழசுக்கு இது ஒரு படி மேல சார்."

டாக்டர் இரண்டு கையிலும் இரண்டு தொப்பியோடு நின்றார்.

"ஏம்மா, ஒண்ணுக்கொண்ணு மேலயா இருக்கு?"

அக்கா திருதிருவென்று விழித்தாள். அத்தனை வருடத்தில் அந்தக் கடையில் அவளுக்குப் பேச்சு நின்றது அதுதான் முதல் தடவை. டாக்டர் கோபப்படவில்லை. "நீங்களே யோசிச்சு வைங்க. அடுத்த வாரம் வரேன். அப்பாவுக்கு நல்லதா ஒண்ணு வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளே கேட்டாள். "ஏங்க, விளையாட்டு இல்லாம சொல்லுங்க. பழசு நிஜமாவே ஒசத்தியா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் உள்ளே போய் ஒரு பழுப்புத் தொப்பியை எடுத்து வந்தார். "இதைப் பாரு. இத்தனை வருஷமா வெயில், மழை, பஸ் புகை எல்லாம் பாத்துட்டுது. அசைஞ்சுதா? இதுதான் கடைசி நல்ல தொப்பி. இதுக்கப்புறம் வந்ததெல்லாம் குப்பை."

அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் உங்களுக்கு வித்ததுங்க."

"தெரியாதா எனக்கு? அதை வாங்க வந்துதானே உன்னைப் பாத்தேன்."

"புதுசாப் பெட்டியைப் பிரிச்சு எடுத்துக் குடுத்தேன். அப்ப எனக்கு வேலை சொல்லிக்குடுத்த பெரியக்கா பக்கத்துலதான் நின்னாங்க. நீங்க வெளிய போனதும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'பாவம் அந்த மனுஷன். இப்ப வரதெல்லாம் ஒரு தொப்பியா? எங்க காலத்துல வந்துச்சே, அது தொப்பி'ன்னாங்க."

அவர் தொப்பியை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துது."

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்க சொன்னதுதானே."

அவர் பழுப்புத் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப இது பழசா புதுசா?" என்றார் கடைசியில்.

அவள் சோறு வைக்கப் போனாள். இன்னொன்றும் ஞாபகம் வந்து அவளைக் கூடுதலாகக் குழப்பியது. அதே பெட்டியில் வந்த இன்னொரு பழுப்புத் தொப்பியை, விளிம்பு தொங்கிப்போய்விட்டது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டிருந்தார். அது எங்கே போயிருக்கும்? குப்பைக்குத்தான். குப்பைக்குப் போனதை யாரும் பழைய சாமான் கடையில் பார்ப்பதில்லை. அப்படியென்றால் பழசெல்லாம் நல்லதா, இல்லை நல்லது மட்டும்தான் பழசாகிறதா? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது. சோற்றில் உப்புப் போட்டோமா என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டதால் அதுவும் தெரியாமலே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பால்கனியில் பரீட்சை வைத்தார்கள். அவர் தன் பலகையிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தொப்பியைத் தியாகம் செய்தார். அவள் கடையில் நாடா கறைபட்டு ஒதுக்கி வைத்திருந்த புதுசு ஒன்றைப் பாப்பாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதுவும் சாம்பல்தான். இரண்டையும் பூந்தொட்டி மேல் கவிழ்த்து, மழை மாதிரி பூவாளியால் தண்ணீர் ஊற்றினாள்.

பழைய தொப்பியில் தண்ணீர் உருண்டு ஓடியது. புதுசு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பிறகு குடித்துவிட்டது. விளிம்பு நாய்க்காது போலத் தொங்கியது.

"பாத்தியா! பாத்தியா!" என்று அவர் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. எத்தனை பேருக்கு வாய் கூசாமல் ஒரு படி மேல் என்று சொல்லியிருக்கிறாள்! மழையில் காது தொங்கி நடந்து போகிற ஆட்களெல்லாம் கண்ணுக்குள் வந்தார்கள்.

மறுநாள் காலை புதுசு காய்ந்திருந்தது. ஆவி காட்டி நீவினாள், பழையபடி நிமிர்ந்தது. பழசை அவர் தலையில் வைத்து அழுத்தினார். படக்கென்று ஒரு சத்தம். நெற்றியில் படும் உள்பக்கத் தோல்பட்டை முழு நீளத்துக்கும் கிழிந்துவிட்டது.

"அது தோல். அதைக் கணக்குல சேர்க்கக்கூடாது" என்றார் அவர்.

"தோலும் சேர்ந்ததுதானேங்க தொப்பி?"

"நாம ஃபெல்ட்டைத்தானே பாக்கறோம்?"

"அதை எப்ப முடிவு பண்ணினோம்?"

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் தடுப்பதற்குள் இரண்டு தொப்பியின் உச்சியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டிவிட்டாள். பேப்பரை விரித்து, துண்டுகளை ஜன்னல் ஓரம் வைத்தார்கள். அவர் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன நெருக்கம் பாரு. ஒரு இழை தனியா தெரியுதா? இதுதான் வேலைப்பாடு. இப்ப எவன் இப்படிச் செய்யறான்?"

அக்கா மிச்சமிருந்த துண்டை எடுத்து வெட்டின ஓட்டைகளில் பொருத்திப் பார்த்தாள். அது பழைய தொப்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏங்க, உங்க கையில இருக்கறது புதுசு."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவள் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

சொன்னபடி டாக்டர் வந்தார். அக்கா இரண்டு தொப்பியைக் கல்லா மேல் வைத்துவிட்டு, "சார், எனக்குத் தெரியலை" என்றாள்.

"என்னம்மா இது? ஒருத்தர் என்கிட்ட வந்து இந்தப் பல்லை எடுக்கணுமான்னு கேட்டா, தெரியலைன்னு சொல்ல முடியுமா?"

"ஆடுற பல்லுன்னா எனக்கும் தெரியும் சார். இது ரெண்டும் ஆடாம நிக்குதே." மழை, தோல், பூதக்கண்ணாடி என்று நடந்ததை முழுக்கச் சொன்னாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் இரண்டையும் கட்டித் தரச் சொன்னார். அப்பா வேண்டாம் என்பதைத் தான் வைத்துக்கொள்வதாகத் திட்டம்.

சில நாள் கழித்து டாக்டர் கடை வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தார். "அப்பா ரெண்டையும் எடுத்துக்கிட்டாரும்மா! காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எதுப்பா நல்லா இருக்குன்னு கேட்டா திட்டறாரு!"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாப்பாவுக்கு முகம் மலர்ந்தது.

"அக்கா, அவர்கிட்ட அப்படி என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேங்க பாப்பா."

"அதுக்கு ரெண்டு வாங்கினாரா? இனிமே எல்லார்கிட்டயும் அதையே சொல்லுங்க."

அடுத்து வந்தவரிடம் சொல்லியும் பார்த்தாள். "தெரியலை சார்" என்று வாயிலிருந்து வந்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது. டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இப்போது அது சரக்கு தள்ளுகிற பேச்சாக இருந்தது. வந்தவரும், "ரொம்ப நேர்மையான அம்மா" என்று மெச்சி இரண்டு வாங்கிக்கொண்டு போனார். தன் குழப்பத்தைக்கூடத் தன்னிடம் விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

அன்றைக்குக் கடை சாத்தும்போது பாப்பாவிடம் சொன்னாள். "எனக்கு நிஜமாவே தெரியலை. அதனால அதைச் சொல்லி விக்க வராது. பேச்சை நீங்க பாத்துக்குங்க. நான் கெட்டில் பக்கம் நிக்கறேன்."

பாப்பா பூட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். "கோபமா அக்கா?"

"கோபம் எல்லாம் இல்லைங்க பாப்பா. என்னன்னு கேட்டா அதுவும் தெரியலை."

பாப்பா மறுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல் பேச்சு அவளுடையது, ஆவி அக்காவுடையது. விற்பனை கூடியதா குறைந்ததா என்று அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. கைக்கு வந்த தொப்பியை, பழசோ புதுசோ, ஆவியில் காட்டிக் கிள்ளிக் கொடுத்தாள். வேலை லேசாகத்தான் இருந்தது.

வீடுதான் கனத்துவிட்டது. பரீட்சைக்குப் பிறகு அவர் தொப்பிப் பேச்சையே எடுப்பதில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டு அக்கா காத்திருப்பாள். அட்டை என்றோ டப்பா என்றோ ஒரு வார்த்தை வராது. "வந்துட்டியா" என்பார், அவ்வளவுதான். மகன் ஃபோனில் வழக்கமான கேள்வியைக் கேட்டதற்கு, "முடிஞ்சிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அழுகை வந்து ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டாள். ஏன் அழுதாள் என்று மகனுக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவர் கடைக்கே வந்து நின்றார். தலையில் ஒன்றும் இல்லை. வெறுந்தலையோடு அவரைத் தெருவில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

"என்னங்க இது?"

"காலையில எதைப் போடறதுன்னு பலகையைப் பாத்துக்கிட்டே நின்னேன். எதை எடுத்தாலும் இது நல்லதா இல்லையான்னு தோணுது. அப்படியே வந்துட்டேன். நீயே ஒண்ணு குடு."

அக்கா இடது பக்கத்திலிருந்து ஒன்று, வலது பக்கத்திலிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தாள். அவர் கண்ணாடியைப் பார்ப்பதற்குப் பதில் அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவரும், அவர் ஏதாவது சொல்வார் என்று அவளும் நின்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம்.

"இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார்.

பாப்பாவிடம் சொல்லிக்கொண்டு அவளும் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் காற்று சுழற்றி அடித்தது. அவர் இரண்டு கையாலும் மண்டையைப் பொத்திக்கொண்டார். அக்கா தன் கழுத்திலிருந்த பூப்போட்ட ஸ்கார்ஃபை உருவி அவர் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"கேவலமா இருக்கு" என்றாள் அக்கா. இதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"உன் ரசனை எப்பவும் இப்படித்தான். அத்தனை தொப்பியை விட்டுட்டுத் துணியைக் கட்டிவிடற."

"வாங்கற யோக்கியதை இருந்தா வாங்கியிருக்கணும். மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னா?"

"எடுத்துக் குடுக்கற யோக்கியதை உனக்கு இருந்துதா?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.