சத்துமாவு மணம்

வறுத்த கோதுமையும் வெல்லமும் கலந்த அந்த மணம் வாயில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. கொய்யா இலையை மென்று துப்பியும் பார்த்திருக்கிறேன், போகவில்லை. என் தங்கை செல்விக்காகப் 'பால்வாடி'யில் கொடுத்த சத்துமாவின் மணம் அது.

ரெட்டிபாளையம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பால்வாடியில், உத்திரத்தில் தொங்கிய தராசில், கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பைக்குள் மாதம் ஒருமுறை அவளை உட்காரவைத்து எடை போடுவார்கள். இரண்டு வயது முடிந்தும், எடையைக் குறிக்கும் அட்டையில் அவள் புள்ளி மஞ்சள் பட்டையை விட்டு ஏறவில்லை. அதற்கும் கீழே போனால் அரியலூர் பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மாவு தவறாமல் வீட்டுக்கு வர, பிள்ளை மட்டும் தேறாவிட்டால் சந்தேகம் வராமல் இருக்குமா? டீச்சருக்கு எங்கள் கன்றுக்குட்டியின்மேல் சந்தேகம். அம்மாவுக்கோ தராசின்மேல். "மாசாமாசம் புள்ளையத் தொங்கவுட்டு எட போட்டா கண்ணுபடாம என்ன செய்யும்?" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். எனக்கு யார்மேலும் சந்தேகம் இல்லை. மாவு எங்கே போகிறது என்று தெரியும். சொன்னால் எனக்கும் பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கிடைக்கும் உருண்டை நின்றுபோகும் என்பதும் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் டீச்சர் வந்தார். நேரே கொட்டகைக்குப் போய்த் தொட்டியைத் துழாவினார். கன்றின் வாயருகே குனிந்து மோந்தும் பார்த்தார். கன்று தும்மியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் கண்ணில் நான் பட்டேன்.

"இங்க வாடி. வாய ஊது."

ஊதினேன். டீச்சரின் கை என் காதுக்கு வந்துவிட்டது.

"அவள வுடுங்க டீச்சர், நான்தான் குடுத்தேன்" என்றாள் அம்மா. "நாலு புள்ளைங்க இருக்கற வூட்டுல, மூணு வாயப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப ஒண்ணுக்கு மட்டும் எப்படிங்க ஊட்டறது? பந்தியில வஞ்சன பண்ணக்கூடாதும்பாங்களே."

டீச்சர் என் காதை விட்டார். "காச்ச மருந்த நாலு பங்கு வப்பீங்களா? செல்விக்கு இது மருந்துங்க."

மறுநாளே மாவு டப்பா, தைலமும் மாத்திரையும் இருந்த மாடத்துக்கு ஏறியது. ஊட்டும்போது அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள். நாங்கள் மூவரும் வெளியே. அந்த நாட்களில் நான் செல்வியை வெறுத்தேன், அதை மறைப்பானேன். சில மாதங்கள் கழித்து அவள் புள்ளி பச்சைக்கு ஏறியபோது அம்மா அழுதாள். நான் அழவில்லை.

அந்தத் தராசு இப்போது இல்லை. துணிப்பையும் அட்டையும்கூடப் போய்விட்டன. மிஷினில் எடை பார்த்து செல்போனில் ஏற்றுகிறார்கள். நான் வாழ்க்கைப்பட்ட பாடாலூரில் போன வாரம் என் சின்னவளை எடை போட்டார்கள். மஞ்சள் என்றார்கள். "மாவ யாருக்காச்சும் பங்கு வக்கிறீங்களாக்கா?" என்று என்னைவிடச் சின்னவளான டீச்சர் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சேச்சே, இல்லைங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவனைக் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னேன். ஊதினான். அதே மணம். அவனை என்னவென்று கேட்பது? காலையில் உருண்டை பிடித்துக் கொடுத்ததே நான்தான்.