எதிர்ல வர்ற வண்டிக்கு ரெண்டு லைட்

பஸ் ஓட்டுற தொழில்ல பிரேக் ஒண்ணுதான், ஆக்ஸிலேட்டரும் ஒண்ணுதான். அதை எப்ப மிதிக்கணும்னு சொல்ற வாய்தான் அம்பது. பதுளையில இருந்து பசறை வழியா மடுல்சீமைக்குப் பத்தொன்பது வருஷமா தனியார் பஸ் ஓட்டுறேன். இந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கி இடுப்பு கழண்ட நீங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி. அதனால மறைக்காம சொல்றேன்.

பசறைக்கு மேல வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து முடக்குன்னு ஒரு வளைவு இருக்கு. ஒரு பக்கம் மண்ணுமேடு, மறுபக்கம் பள்ளம். தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிற புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு அந்த ரோட்டு ஓரத்தை விட்டா வேற வழி கிடையாது. முப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு அங்க ஒரு பலகையும் இருக்கு. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த எடத்துல வண்டிங்க மெதுவா போகணும். இந்த ஒரு காரியத்துக்கு எத்தனை பேர் குறுக்க நிக்கிறாங்கன்னு கேளுங்க.

மனு எழுதின ஐயா

யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர் பதுளையில கிளார்க்கா இருக்காரு. குடியிருக்கிறது பசறையில. காலையில என் பஸ்லதான் ஏறுவாரு, எனக்குப் பின்னால முதல் சீட்டு. ஒருநாள் நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதிக்கிட்டு வந்தாரு. தனியார் பஸ்ஸெல்லாம் கண்மண் தெரியாம ஓடுது, பொதுமக்கள் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுப் போறாங்க, உடனே நடவடிக்கை எடுக்கணும்னு அழகான தமிழ்ல எழுதியிருந்தாரு. பஸ் பூரா கையெழுத்து வாங்கினாரு. கடைசியா என்கிட்டயும் நீட்டினாரு. மனுஷன் நம்ம மனசுல உள்ளதை அப்படியே எழுதியிருக்காரேன்னு நானும் சந்தோஷமா போட்டுக் குடுத்தேன்.

மறுநாள் நல்ல பனிமூட்டம். பத்தடிக்கு முன்னால மாடு நின்னாலும் தெரியாது. லைட்டைப் போட்டுக்கிட்டு ரெண்டாவது கியர்லயே எறங்குறேன். பின்னால இருந்து தோள்ல தட்டு. என்னங்க ஐயான்னு கேட்டா, மணிக்கூட்டைக் காட்டுறாரு. நேத்து நீங்கதானே மனு எழுதினீங்கன்னு கேட்டேன். அவரு கொஞ்சமும் கூச்சப்படல. "தம்பி, நான் எழுதினது மற்ற பஸ்ஸுகளைப் பற்றி. நான் ஏறுற பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர வேணும்."

புத்தகம் வச்சிருக்கிறவரு

எங்க ஸ்டாண்டுல டைம்கீப்பர் ஒருத்தரு இருக்காரு. அவரு கையில ஒரு புத்தகம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போகணும்னு எழுதுறது அவரு வேலை. ரெண்டு நிமிஷம் பிந்தினா அடுத்த டிரிப்பைப் பின்னால வர்றவனுக்குத் தூக்கிக் குடுத்துருவாரு. அதுக்குப் பயந்து எங்க ஆளுங்க என்ன செய்யிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? ஆளு சேரட்டும்னு கடைத்தெருவுல கா மணி நேரம் உருட்டுறது. அந்தக் கா மணி நேரத்தை முடக்கு முடக்கா மிதிச்சுப் புடிக்கிறது. உங்க தலை கம்பியில மோதுறதுக்கு ரோடு காரணமில்லங்க, அந்தப் புத்தகம்தான் காரணம்.

ஒரு மழை நாள்ல மண்ணு சரிஞ்சு ரோட்டுல பாதி அடைச்சிருந்துச்சு. மெதுவா ஓட்டி பன்னெண்டு நிமிஷம் பிந்தி வந்தேன். விஷயத்தைச் சொன்னேன். தலையை நிமித்திக்கூடப் பார்க்காம சொன்னாரு: "ரோட்டுல என்ன நடந்துச்சுன்னு எழுத இதுல கட்டம் இல்லப்பா, நேரத்துக்குத்தான் கட்டம் இருக்கு."

நிழல்ல நின்ன ஸ்பீட் கன்

இந்த ரூட்லயே நேரா, அகலமா ஒரு எடம்தான் இருக்கு. வெள்ளைக்கல் முடக்குக்கு ஒரு கிலோமீட்டர் கீழ. வீடு இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, நாய்கூடக் குறுக்க வராது. பொலிஸ் ஸ்பீட் கன்னைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறது அங்கதான். நல்ல வாகை மர நிழல். பத்தொன்பது வருஷத்துல நான் ஒரே ஒரு தடவைதான் மாட்டினேன், அதுவும் அங்கதான்.

அபராதச் சீட்டை எழுதி முடிக்கட்டும்னு விட்டேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சார்ஜன்ட்டுகிட்ட கேட்டேன். சார், நான் மிதிச்சது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா புள்ளைங்க நடக்கிற எடம் மேல இருக்கு. பள்ளிக்கூடம் விடுற நேரத்துலயாவது அங்க வந்து நிக்கக் கூடாதான்னேன். நல்ல மனுஷன்தான், கோபப்படல. எனக்குப் பாடம் சொல்ற மாதிரி பொறுமையா விளக்கினாரு: "அங்க நாங்க நின்னா ஒருத்தனும் வேகமா வர்றதில்ல. அப்புறம் நாங்க யாரைப் புடிக்கிறது?"

முப்பதுக்கு மேல ஒட்டினது

முடக்குல இருக்கிற வேகப் பலகையை ஒருநாள் காணோம். கிட்டப் போய்ப் பார்த்தா, கணக்கு டியூஷன் போஸ்டரை அதுமேல ஒட்டியிருக்கு. பஸ்ஸை நிறுத்தி எறங்கினேன். அங்க எறங்க வேண்டிய சரஸ்வதியும் கூட வந்துச்சு. வெள்ளைக்கல்லுல கொழுந்து பறிக்கிற புள்ள, அவ மக தர்ஷினி அஞ்சாம் வகுப்பு, அந்த ஓரத்துல நடக்கிற கூட்டத்துல அவளும் ஒருத்தி. ரெண்டு பேரும் நகத்தால சுரண்டி எடுத்தோம். பஸ்ஸுக்குள்ள இருந்து நேரமாகுதுன்னு நாலு பேர் கத்தினாங்க. அடுத்த நாள் போஸ்டர் ஒட்டின மாஸ்டரே என் பஸ்ல ஏறினாரு. விட்டேனா? புடிச்சுக் கேட்டேன். மாஸ்டர் சிரிச்சாரு. "வேகம் எவ்வளவுன்னு அதுல யாரும் பார்க்கிறதில்லண்ணே, கிளாஸ் எத்தனை மணிக்குன்னாவது பார்ப்பாங்கன்னுதான்."

எங்க தொழில் தர்மம்

ஊரையெல்லாம் திட்டினேன். இனி என் பங்கைச் சொல்லணும்.

நாங்க டிரைவர்மாருங்க ஆளு ஏத்துறதுக்கு ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுத் தின்னுவோம். ஆனா பொலிஸ் நிக்கிற சேதின்னு வந்துட்டா அண்ணன் தம்பிங்க. வழியில பொலிஸைப் பார்த்தா, அதைத் தாண்டினதும் எதிர்ல வர்ற வண்டிக்கு ரெண்டு தடவை லைட் அடிப்போம். அவன் மெதுவா போவான், கையைத் தூக்கி நன்றி சொல்லுவான். முன்னப்பின்ன தெரியாதவனா இருந்தாலும் அடிப்போம். அடிக்காதவன் மனுஷனே இல்லன்னு எங்களுக்குள்ள பேச்சு. அப்படித்தான் ஒருநாள் மத்தியானம் மடுல்சீமையில இருந்து எறங்கி வர்றேன். வெள்ளைக்கல் முடக்குல பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளைங்க நடந்து வருது. உருட்டிக்கிட்டே தாண்டினேன். கீழ வாகை மரத்தடியில பொலிஸ். அதையும் தாண்டினா, எதிர்ல வாடகைக்கு ஓடுற வெள்ளை ஹயர் வேன் ஒண்ணு. கண்ணாடியில பெரிய கழுகுப் படம். வர்ற வேகத்துக்கு மரத்தடியில கட்டாயம் மாட்டியிருப்பான். என் கை தானா போச்சு. ரெண்டு லைட் அடிச்சேன். அவன் கையைத் தூக்கினான்.

பசறைக்கு வந்து சேரும்போது போன் வந்துருச்சு. முடக்குல ஒரு வேன் புள்ளையை அடிச்சிருச்சாம். திரும்பி மேல போனா, கழுகுப் படம் போட்ட அதே வேன் மண்ணுமேட்டுல சாஞ்சு நிக்குது. அடிபட்டது சரஸ்வதியோட தர்ஷினி. ஓரத்துல ஒழுங்கா நடந்த புள்ள. ஒரு கால் ரெண்டு எடத்துல முறிஞ்சு பதுளைக்குக் கொண்டு போயிட்டாங்க. பொலிஸைப் பார்த்து மாப்பிள்ளை மாதிரி மெதுவா போனவன், தாண்டினதும் விட்ட நேரத்தைப் புடிக்க மிதிச்சிருக்கான். பொலிஸைத் தாண்டியாச்சு, இனி என்ன பயம்னு நினைச்சேன்னு அவனே அழுதுக்கிட்டு சொன்னான். நான் சும்மா வந்திருந்தா கீழயே அவனை நிறுத்தியிருப்பாங்க, அந்த நேரத்துல புள்ளைங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். என் கண்டக்டர் யோகன் பக்கத்துல வந்து மெதுவா சொன்னான்: "அண்ணே, நீங்க லைட் அடிச்சதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

மூணு நாள் மேடு

அடுத்த வாரம் தோட்டத்து ஆளுங்க காலையில பெரட்டுக்கு ஒண்ணா கூடி, பேர் குடுத்துட்டு வேலைக்குக் கலையுற நேரத்துல ஒரு முடிவு எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து சீமெந்து குழைச்சு, முடக்குக்கு ரெண்டு பக்கமும் குறுக்க மேடு கட்டினாங்க. மூணு நாளைக்கு அந்த எடத்துல ஒரு வண்டியும் சீறல. நாலாம் நாள் ரோட்டு இலாகாக்காரங்க ஒரு ஆபீசரோடயும் மிஷினோடயும் வந்து ஒடைச்சாங்க. அனுமதி இல்லாத மேடாம், வண்டிங்களுக்கு ஆபத்தாம். முறைப்படி கடிதம் எழுதுங்கன்னாங்க. எழுதின கடிதத்துக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. ஒடைச்ச அன்னைக்குக் கொழுந்துக் கூடையோட நின்ன சரஸ்வதி அந்த ஆபீசரைப் பார்த்துக் கேட்டுச்சு: "எம்மகளை ஒடைச்சப்ப வர்றதுக்கு ஒருத்தருமில்ல, மேட்டை ஒடைக்க மட்டும் இத்தனை பேரா ஐயா?"

லைட் அடிக்காதவன்

அதுக்கப்புறம் நான் லைட் அடிக்கிறதை விட்டுட்டேன். பண்டாரவளைக்கு மரக்கறி ஏத்துற லொறிக்காரன் மணியம், எனக்குப் பத்து வருஷத்துப் பழக்கம். நான் அடிக்காததால மரத்தடியில மாட்டிக்கிட்டான். சாயக்கடையில எல்லாருக்கும் முன்னால ஏசினான். என்னடா துரோகின்னான். நீ மெதுவா வந்திருந்தா எதுக்குடா மாட்டுறேன்னு நானும் கேட்டேன். டீயைக் குடிக்காம எழும்பினவன் வாசல்ல நின்னு சொன்னான்: "நாளைக்கு உனக்கும் ஒருத்தனும் அடிக்க மாட்டான், பாத்துக்க."

சரஸ்வதி சொன்னது

தர்ஷினியைக் கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போறதும் என் பஸ்லதான். கக்கத்துல கட்டையை வச்சு ஏறுற புள்ளையைக் கண்ணாடியில பார்க்கிறப்ப எல்லாம் சட்டுனு ரோட்டுப் பக்கம் திரும்பிக்குவேன். யோகன் வாயைத் திறக்கல. அவன் திறக்காதது எனக்கு இன்னும் பாரமா இருந்துச்சு. போன மாசம் திரும்பி வர்றப்ப பசறை ஸ்டாண்டுல பஸ் காலியா நின்னுச்சு. புள்ள தூங்கிருச்சு. சீட்டை விட்டு எழும்பிப் போய் சரஸ்வதிகிட்ட சொன்னேன். தங்கச்சி, அன்னைக்கு அந்த வேனுக்கு லைட் அடிச்சு பொலிஸ்கிட்ட இருந்து தப்ப வச்சது நான்தான்னேன். அவ என்னையே பார்த்தா. நீங்களுமாண்ணேன்னா. அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. என்னைத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

முடக்கு வந்துச்சு. பஸ்ஸை நிறுத்தினேன். யோகன் புள்ளையை எறக்கி விட்டான். நான் வேற என்னங்க சொல்றது, இப்ப அடிக்கிறதை விட்டுட்டேன் தங்கச்சின்னு சொன்னேன். படியில கால் வச்சவ நின்னா. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு, குரல் மட்டும் ஆடல. "எதுக்குண்ணே விட்டீங்க? பொலிஸ் நின்னாலும் நிக்காட்டியும், இந்த முடக்குக்கு வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் அடிங்க. எம்புள்ளைக்குப் பயப்படாதவனுங்க, பொலிஸுக்காவது பயந்து மெதுவா வரட்டும்."

பொலிஸ் இல்லாதப்பவும் நான் அடிக்கிறதால மணியம் இப்ப என்னைப் பொய்யன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான், ஆனா என்னைக்கு நெஜமா நிப்பாங்கன்னு தெரியாததால அவனும் சேர்த்து எல்லாரும் அங்க மெதுவாத்தான் வர்றாங்க. வெள்ளைக்கல் முடக்குல தினம் தவறாம டியூட்டி பார்க்கிற ஒரே பொலிஸ் இன்னைக்கு என் பஸ்ஸோட ரெண்டு லைட்டுதான்.