கைப்பிடி இருக்கா?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று, குனிந்து நிமிர்ந்து இரும்புக் கயிறுகளைச் சோதிக்கிற வேலை. அதனால் வீடு திரும்புகிற வழியில் எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் மனுஷன் உட்கார்ந்துவிடுவார். அதோடு விட்டிருந்தால் தேவலை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இதைப் பத்தியெல்லாம் ஒரு பிளாக் எழுதப்போறேன்" என்றார்.

"எதைப் பத்தி?"

"பெஞ்சைப் பத்தி."

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அவரா விடுகிறவர்? 'உட்கார்ந்து பார்த்தேன்' என்று பெயர் வைத்து ஆரம்பித்தே விட்டார். அதற்கு ஒரு சட்டம் வேறு. கடிகாரம் பார்த்து அரைமணி நேரம் உட்காராமல் எந்தப் பெஞ்சைப் பற்றியும் ஒரு வரி எழுத மாட்டார். உயரத்தை டேப்பால் அளப்பார். எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்தப் பலகை ஆடுகிறது, எல்லாம் எழுதுவார். பெஞ்சு மோசம் என்றால் மோசம் என்றே எழுதுவார். நானோ பல் டாக்டர் கிளினிக்கில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள். எனக்கு இதில் என்ன சுவாரஸ்யம் இருக்கும்? தண்ணி தெளித்து விட்டுவிட்டேன்.

மொத்தம் பதினோரு பேர் படித்தார்கள். அதில் நான் ஒருத்தி, கட்டாயத்தின் பேரில். இன்னொருவர் 'நீலக்குடை' என்ற பெயரில் வருவார். ஆணா பெண்ணா தெரியாது. எந்தப் பதிவு போட்டாலும் கீழே வந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "கைப்பிடி இருக்கா?"

இவர் சளைக்காமல் பதில் போடுவார். ஞாபகம் இல்லையென்றால் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து போடுவார்.

"அந்த ஆளுக்குக் கைப்பிடிப் பைத்தியமாங்க?" என்பேன்.

"கேக்குறாங்க, சொல்றேன். உனக்கென்ன?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு பிளாக் நெட்வொர்க்கிலிருந்து கடிதம் வந்தது. நூறு பிளாக்குகள் ஒரே இடத்தில் இருக்குமாம், இவரையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். முதலில் இரண்டு வாரம் வெள்ளோட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெஞ்சு தேய்க்கிறவன்" என்று தம்பியைக் கிண்டல் செய்கிற என் நாத்தனார் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

அவர் இழுத்தார். "வாரத்துக்கு மூணு பதிவு கேக்குறாங்க. நான் உக்காரணுமே."

நெட்வொர்க்காரர் போனில், "போட்டோ எடுத்தா போதும் சார், உக்காரணும்னு இல்ல. குறை மட்டும் எழுதாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க. கமெண்ட்டுக்கு எங்க டீமே பதில் போட்டுடும்" என்றார்.

"பதினோரு பேருக்கு எழுதியே காலத்தை ஓட்டப்போறீங்களா? வர்றதையும் கெடுத்துக்காதீங்க!" என்று நான்தான் கத்தினேன். அந்தப் பாவம் என்னுடையது. சேர்ந்துவிட்டார்.

முதல் பதிவு நூலகத்துக்கு எதிரே உள்ள பெஞ்சு. பிடிவாதமாக அரைமணி உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதினார்: "நல்ல நிழல். ஆனால் மிகத் தாழ்வு. கைப்பிடி கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் தவிர்க்கவும்." அவர்கள் 'நல்ல நிழல்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, "நிழலில் ஒரு சொர்க்கம்! கட்டாயம் உட்காருங்கள்!" என்று போட்டார்கள். அவர் முகம் சுருங்கியது. ஆனால் இரண்டே நாளில் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பல்வலியோடு வந்தவர்களுக்கெல்லாம் போனை நீட்டிக் காட்டினேன். அவரும் டீ குடிக்கும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

நீலக்குடை வழக்கம்போல் கேட்டிருந்தார். அதற்கு நெட்வொர்க் டீம் போட்ட பதில்: "உங்கள் ஆதரவுக்கு நன்றி!" கூடவே ஒரு இதயம்.

மூன்றாம் நாள் காலை அவர் போனை என் முன்னால் வைத்தார். நீலக்குடை எழுதியிருந்தார்: "நீங்கள் சொன்னீர்களே என்று போனேன். இடுப்பு ஆபரேஷன் ஆனவள் நான். கைப்பிடி இல்லாமல் எழ முடியாது. நாற்பது நிமிஷம் கழித்து யாரோ தூக்கிவிட்டார்கள். இனிமேல் கேட்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பைத்தியம் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவர் அங்கேயே நின்று நெட்வொர்க்காரருக்குப் போன் போட்டார். "நான் விலகிக்கிறேன் சார். அந்தப் பதிவை எடுத்துடுங்க."

"என்ன சார், நாலாயிரம் பேர் சார்!"

"நாலாயிரம் பேர் பார்த்தாங்க சார். உக்காந்தது அவங்க ஒருத்தர்தான்."

நீலக்குடைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதில் இல்லை. அப்புறம் நாலு ஞாயிறு, எழுதிய அறுபத்து மூன்று பெஞ்சுகளுக்கும் மறுபடி போனோம். ஆமாம், நானும்தான், டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பது? ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் கைப்பிடி உண்டா இல்லையா என்று சேர்த்தார். படிப்பவர்கள் பத்துப் பேர் ஆகியிருந்தார்கள். நாத்தனாருக்கு ஒரே கொண்டாட்டம். போகட்டும்.

அறுபத்து நாலாவது, மருந்துக்கடைக்குப் பக்கத்துப் பெஞ்சு. "கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு. என் மனைவி முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். ஆடவில்லை" என்று ஆரம்பித்தார். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறைக்கே ஓடிவந்தார்.

"நீலக்குடை எழுதியிருக்காங்க!"

"என்ன, கைப்பிடி இருக்கான்னா?"

"இல்லடி." போனைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். "உட்கார்ந்தேன். எழுந்தேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிவைத்தேன். அவர் நின்றபடியே, "எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள்?" என்று தட்டினார்.

உடனே பதில் வந்தது: "அரைமணி. கடிகாரம் பார்த்தேன்."