கார்ட்ஸ் ஓல்ட் என்றொரு ஃபோல்டர்

இன்றைக்கும் கம்ப்யூட்டரில் எதையாவது அழிப்பதற்கு முன் மூன்று முறை பார்க்கிறேன்.  அந்தப் பழக்கம் விவேக் நகரில் ஆரம்பித்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு கழிந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும். சர்ச்சுக்குப் பின்தெருவில் ஒரு டிடிபி கடை. இறந்தவர்களுக்கு நினைவு அட்டை போடுவதுதான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. போட்டோவை ஸ்கேன் பண்ணி, கிழிசலைச் சரிசெய்து, கீழே ஒரு ஜெபம் சேர்த்து அச்சுக்கு அனுப்புவோம். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். இலவசம் என்று முதலாளி கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவைத்திருந்தார். அதன் கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருநாள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் மட்டும் போகவே இல்லை.

டிஸ்க் அடிக்கடி நிரம்பிவிடும். அதற்கு, கட்டளைகளை வரிசையாக அடுக்கி, தானாக ஓடுகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஓடும். பெயர் ‘ஓல்ட்’ என்று முடிகிற ஃபோல்டர்களை ஒன்றும் கேட்காமல் அழித்துவிடும். நான் பெயர்களை எப்போதும் நடுவில் இடம் விடாமல் சேர்த்தேதான் எழுதுவேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, நோட்டில் அப்படி இருந்தது.

ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு அக்கா புதிதாகச் சேர்ந்தார். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் விண்டோஸ். முடிந்த அட்டைகளையெல்லாம் ‘கார்ட்ஸ் ஓல்ட்’ என்று நடுவில் இடம் விட்டு ஒரு ஃபோல்டரில் போட்டார். முடியாத வேலைகள் ‘கார்ட்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை ஸ்கிரிப்ட் அந்தப் பெயரை ‘கார்ட்ஸ்’, ‘ஓல்ட்’ என்று இரண்டு பெயராக எடுத்துக்கொண்டது. ‘ஓல்ட்’ என்று எதுவும் இல்லாததால் பேசாமல் தாண்டிப் போனது. முடியாத வேலைகள் இருந்த ‘கார்ட்ஸ்’ அழிந்துபோய்விட்டது. அழிய வேண்டியது அப்படியே உட்கார்ந்திருந்தது. வேறு காப்பி எடுத்துவைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

திங்கட்கிழமை முதலாளி என் பின்னால் வந்து நின்றார்.

“என்னப்பா ஆச்சு?”

“பேர்ல ஸ்பேஸ் இருந்துச்சு சார்.”

“யார் வச்ச பேரு?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காதான் சொன்னார்: “நான்தான் சார். அங்கல்லாம் அப்படித்தான் வைப்போம்.”

“அப்ப அங்கயே இருந்திருக்கலாமேம்மா.”

போட்டோக்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எல்லோருக்கும் போன் போட்டோம். மர்பி டவுனிலிருந்து வந்த ஒரு அம்மா, வீட்டுக்காரர் போட்டோ இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்திருந்தார். “மறுபடியும் இவரைத் தூக்கிட்டு அலையணுமா?” என்றார். அக்காதான் எழுந்து போய் மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தில் அதைப் படித்தேன். ஸ்கிரிப்ட்டில் பெயர் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டால் போதும், நடுவில் எத்தனை இடம் இருந்தாலும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். தப்பு பெயரில் இல்லை. நான் எழுதினதில் இருந்தது.  ஸ்கிரிப்ட்டைத் திறந்து குறிகளைப் போட்டு மூடினேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா கேட்டார். “சரி பண்ணிட்டியாப்பா?”

“பண்ணிட்டேன்க்கா.”

“எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே சேர்த்தே எழுதறேன்.”

“பரவாயில்லக்கா” என்றேன். அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக விழுங்க முடியவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னால், ஒன்பதாவது படித்தவனை அடுத்த கடையில் யார் எடுப்பார்கள் என்று அப்போது யோசித்தேன். அக்காவை யார் எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி அவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அக்கா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னிடம் “வரேன்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஸ்கிரிப்ட் ஓடியது. ‘கார்ட்ஸ் ஓல்ட்’ மட்டும் சுத்தமாக அழிந்தது, பெயரின் நடுவில் அந்த இடம் அப்படியே இருந்தும். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.