இன்ஷிராஹின் வாயில் வராத சொல்

அலெக்சாந்திரியாவில் கடலோரம் இருக்கும் ஒரு மாணவர் விடுதியின் சமையல்கட்டுக்குள், இன்ஷிராஹ் முகர்ந்து பார்க்காமல் ஒரு வெங்காயம்கூட நுழைந்ததில்லை. சரக்கு வாங்கும் பொறுப்பு அவளுடையது. ‘கெட்டுப்போச்சு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஓய்பவள் அல்ல. வேகவைத்த மொச்சை ஊசியிருக்கும், எண்ணெய் காறியிருக்கும், பால் திரிந்திருக்கும், பருப்பு உளுத்திருக்கும். அதது எதுவோ, அதற்கான சொல்லை எடுத்து வியாபாரியின் முகத்தில் வீசுவாள்.

“அக்கா, இப்பதான் கடல்லேருந்து வருது” என்பான் மீன்காரன் ஹமீதோ.

“கடல்லேருந்தா, கல்லறையிலேருந்தா? செவுளப் பாரு, வெளுத்துக் கெடக்கு. எடுத்துட்டுப் போ.”

அவள் கணவர் ஷவ்கி டிராம் ஓட்டுநர்; மகன் நாதிர் குவைத்தில் இருந்தான். சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. அந்தக் குளிர்காலத்தில் புதுச் செருப்பு கடித்து, இடது காலின் சின்ன விரலோரம் புண் வந்தது. வலி தெரியாத கால். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இன்ஷிராஹ்தான் தினமும் கழுவித் துணி சுற்றினாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்பார்.

“தோல் உரசியிருக்கு, அவ்வளவுதான்.”

அப்புறம், “கொஞ்சம் நீர் கோத்திருக்கு” என்றாள். அதற்கப்புறம் “ஆறிட்டு வருது” என்றாள். புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு காலை துணியை அவிழ்த்ததும் அந்த வாடை எழுந்தது. அது என்ன வாடை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சொல் நாக்கின் நுனிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நோயாளியைப் பற்றிக் கெட்ட சொல் பேசினால் அது பலித்துவிடும் என்று அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். காய்கறிக்கு அந்தப் பயம் கிடையாது.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு புஸைனா மடக்கினாள். “அண்ணன் எப்படி இருக்காரு?”

“மல்லிகைப்பூ மாதிரி இருக்காரு.”

“பூவா? உங்க வீட்டு பினாயில் வாடை தெருமுனை வரைக்கும் வருதே!”

இன்ஷிராஹ் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். வீட்டில் தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள், சாம்பிராணி போட்டாள், உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். வேலையிலும் நிலைகொள்ளவில்லை. நல்ல தக்காளியைக் கூடையோடு திருப்பி அனுப்பினாள். ஹமீதோ கொண்டுவந்த மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அதையும் “நாறுது” என்றாள்.

ஹமீதோ சிரித்துவிட்டான். “துடிக்கிற மீனு நாறுதா? அக்கா, வீட்டுலேருந்து மூக்குல எதைத் தூக்கிட்டு வந்தீங்க?”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் சரக்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். டிராமுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் பாதித் தூரம் ஓடினாள்.

ஷவ்கி பால்கனியில் முக்காலிமேல் காலை நீட்டியிருந்தார். அவள் தலைத்துணியைக்கூடக் களையாமல் கீழே உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். அடுத்த விரலும் நிறம் மாறியிருந்தது.

“கத்தரிக்காய்க்குக்கூட விதவிதமாப் பேர் வைக்கிறவ நீ” என்றார் அவர் மெதுவாக. “என் காலுக்கு ஒண்ணும் கெடைக்கலையா?”

“அழுகுது, நாதிர் அப்பா” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. “அழுகிட்டே இருக்கு. எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். “எனக்கும் வாடை வராமலா இருக்கும்? நீயே வாயத் திறக்கலைன்னா என்னமோ பெருசுன்னு நெனச்சு, கேக்கவே பயந்து கெடந்தேன். கெளம்பு, போவோம்.”

டாக்சி பிடித்துப் போனார்கள். மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. முன்னமே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தை இன்ஷிராஹின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஷவ்கி ஒருநாளும் அதைச் சொல்லிக் குத்தவில்லை. டிராம் ஓட்ட முடியாமல் போனதும் பணிமனையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

குவைத்திலிருந்து நாதிர் அழைத்தால் இப்போது அவள் மழுப்புவதில்லை. “தையலோரம் ஈரம் இருக்கு. நேத்தைவிட மோசம். நாளைக்குக் காட்டணும்” என்று உள்ளதைச் சொல்வாள். பக்கத்திலிருந்து கேட்கும் ஷவ்கி தலையாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். அவளுக்குத்தான் தூக்கம் பிடிக்காது. எழுந்து போய், போர்வையை விலக்கி, இன்னொரு தடவை அந்தக் காலை முகர்ந்து பார்ப்பாள்.